திரையில் முன்வரிசை யாருக்கு?



கணினியில் விசைப்பலகை ஒன்றுதான். திரையில் திறந்து கிடக்கும் சாளரங்களோ பத்து, இருபது. ஒரு விசையைத் தட்டினால் அந்த எழுத்து எந்தச் சாளரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்? ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கும் சாளரங்களில் எது மேலே, எது கீழே? இந்த இரண்டு கேள்விகளுக்கும் இயங்குதளம் இடைவிடாமல் விடை சொல்லிக்கொண்டே இருக்கிறது. விடை சரியாக இருக்கும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. விடை பிசகும்போது வங்கிக் கடவுச்சொல் அலுவலக அரட்டைப் பெட்டியில் விழுகிறது. கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர் முன்னால் திடீரென ஒரு பெட்டி முளைத்து, அவர் அடுத்த சொல்லுக்காகத் தட்டிய ஸ்பேஸ் விசையையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. அந்தப் பெட்டி என்ன கேட்டது, எதற்குச் சம்மதம் வாங்கிப் போனது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

மேசைக்கணினி நிரல் எழுதுவோரில் பலர் இதைச் சில்லறை வேலையாக நினைக்கிறார்கள். நிரலின் மையப் பணியெல்லாம் முடிந்த பிறகு, 'சாளரம் மேலே வரவில்லை' என்று யாராவது புகார் சொன்னால், எங்கிருந்தோ இரண்டு வரி நிரலை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்த இரண்டு வரி யாருடைய உரிமையில் கை வைக்கிறது என்பதைப் பற்றியதுதான் இந்தச் சொற்பொழிவு. விசைகள் எங்கே போய்ச் சேரும் என்பதைக் குறிக்கும் ஃபோகஸ் பயனரின் உடைமை. நிரல் அதைக் கேட்கலாம், தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் வெவ்வேறு பாதைகளில் பல ஆண்டுகள் நடந்து, கடைசியில் இந்த ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன.

மறைந்த பகுதியைத் தீட்டும் கலை

சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தும் எண்ணம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1973-இல் அங்கே ஆல்ட்டோ என்ற கணினி பிறந்தது. ஆலன் கேயின் குழு அதன்மீது ஸ்மால்டாக் மொழியை வளர்த்தது. ஆல்ட்டோவின் திரை சிறியது, அதில் காட்ட வேண்டியவை நிறைய. மேசையில் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வேண்டியதை மேலே இழுத்துக்கொள்வதுபோலத் திரையிலும் செய்யலாம் என்றார் கே. யோசனை எளிது, செய்து காட்டுவது கடினம். கீழே கிடக்கும் சாளரத்தை மேலே கொண்டுவந்தால், அதுவரை மறைந்திருந்த பகுதியின் ஒவ்வொரு புள்ளியையும் மறுபடி தீட்டியாக வேண்டும். திரைப் புள்ளிகளைச் செவ்வகம் செவ்வகமாக அள்ளி இன்னோரிடத்துக்கு நகர்த்தும் 'பிட்பிளிட்' என்ற செயல்முறையை டான் இங்கால்ஸ் எழுதிய பிறகுதான் அந்தக் காலத்துக் கணினிகளில் அது கட்டுபடியானது.

1979 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனத்தைச் சேர்ந்த சிலர் பார்க்குக்கு வந்து இதைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் பில் அட்கின்சன். பாதி மறைந்திருக்கும் சாளரத்துக்குள்ளும் ஒரு நிரல் தொடர்ந்து எழுத முடிகிறது, வெளியே தெரியும் பகுதி மட்டும் அழகாகப் புதுப்பிக்கப்படுகிறது என்று அவர் தாம் பார்த்ததிலிருந்து முடிவு கட்டிக்கொண்டார். உண்மையில் பார்க்கின் நிரலால் அப்போது அது முடியாது. அங்கே செய்துவிட்டார்கள், ஆகவே அது முடியக்கூடியதுதான் என்ற நம்பிக்கையில் அவர் தாமே வழி தேடினார், கண்டும்பிடித்தார். எந்த ஒழுங்கற்ற வடிவத்தையும் மிகக் குறைந்த நினைவகத்தில் குறித்துவைத்து, ஒரு வடிவத்தை இன்னொன்றோடு கூட்டவும் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கவும் உதவும் 'ரீஜன்' என்ற அமைப்பு அது. ஒரு சாளரத்தின் செவ்வகத்திலிருந்து, அதற்கு மேலே கிடக்கும் சாளரங்களின் வடிவங்களைக் கழித்தால், கண்ணுக்குத் தெரியும் பகுதி மிஞ்சும். அந்த மிச்சத்துக்குள் மட்டும் தீட்டினால் போதும்.

ஆப்பிளின் லிசா கணினி உருவாகிக்கொண்டிருந்த நாட்களில் அட்கின்சன் ஒரு கார் விபத்தில் சிக்கினார். மருத்துவமனைக்கு ஓடிவந்த ஸ்டீவ் ஜாப்ஸிடம், கவலை வேண்டாம், ரீஜன்களை எழுதும் விதம் இன்னும் நினைவில் இருக்கிறது என்று அவர் தைரியம் சொன்னதாக, மேக்கின்டாஷ் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பதிவு செய்திருக்கிறார். ஒரு கணினியின் முகம் முழுக்க ஒரு மனிதரின் தலைக்குள் இருந்த காலம் அது. 1983-இல் லிசாவும் 1984 ஜனவரியில் மேக்கின்டாஷும் வெளிவந்தன. அட்கின்சன் 2025-இல் மறைந்தார்.

எல்லோரும் உடனே இந்த வழிக்கு வந்துவிடவில்லை. ஜெராக்ஸே 1981-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் கணினியில் சாளரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக நின்றன. மைக்ரோசாஃப்ட் 1985 நவம்பரில் வெளியிட்ட முதல் விண்டோஸிலும் அப்படியே, உரையாடல் பெட்டிகள் மட்டுமே மற்றவற்றின்மேல் வரலாம். 1987 இறுதியில் வந்த இரண்டாம் பதிப்பில் சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்கத் தொடங்கின. 1988 மார்ச்சில் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. தன்னிடமிருந்து எடுக்கப்பட்டவை என்று அது பட்டியலிட்ட 189 காட்சிக் கூறுகளில், ஒன்றையொன்று மறைக்கும் சாளரங்களும் அடக்கம். 1994-இல் மேல்முறையீட்டிலும் ஆப்பிள் தோற்றது. அந்த வழக்கின் கதை தனிச் சொற்பொழிவுக்கு உரியது. இங்கே வேண்டியது ஒன்றுதான். சாளரங்கள் பக்கம் பக்கமாக நிற்கும்வரை யார் முன்னால் என்ற கேள்விக்கே இடமில்லை. ஒன்று இன்னொன்றை மறைக்கத் தொடங்கிய நாளில் அந்தக் கேள்வி பிறந்தது.

மேலே இருப்பதும் விசை பெறுவதும்

புதிதாக நிரல் எழுத வருபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம், மூன்று வெவ்வேறு நிலைகளை ஒன்றாக நினைப்பது. அடுக்கில் ஒரு சாளரம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பது ஒன்று. எந்தச் சாளரத்தோடு பயனர் இப்போது வேலை செய்கிறார் என்பது இன்னொன்று. அந்தச் சாளரத்துக்குள் எந்த எழுத்துப்பெட்டிக்கோ பொத்தானுக்கோ விசைகள் போகின்றன என்பது மூன்றாவது. முதலாவதை இசட்-ஆர்டர் என்றும், இரண்டாவதை முன்னணி என்றும், மூன்றாவதை ஃபோகஸ் என்றும் நிரலர்கள் சொல்வார்கள்.

விண்டோஸில் அடுக்கை மாற்றுவதற்கு 'செட்விண்டோபாஸ்' என்ற கட்டளை இருக்கிறது. 'நோஆக்டிவேட்' என்ற குறியையும் அதோடு சேர்த்து அனுப்பினால் சாளரம் மேலே வரும், ஆனால் விசைகள் பழைய இடத்துக்கே போகும். முன்னணிக்கு வருவதற்கு 'செட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ' என்று வேறு கட்டளை. சாளரத்துக்குள் எந்தப் பெட்டிக்கு விசை என்பதைச் சொல்வதற்கு 'செட்ஃபோகஸ்'. மூன்றும் வேறு வேறு வேலை செய்பவை. ஒன்று செய்ய வேண்டியதை இன்னொன்றைக் கொண்டு செய்யப் பார்ப்பதால் வரும் பிழைகளே அதிகம்.

மேக்கில் இந்தப் பிரிவு இன்னும் நுட்பமானது. ஒரு கட்டுரையைத் திறந்து வைத்து, தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டும்போது விசைகள் தேடல் பெட்டிக்குப் போகின்றன. ஆனால் வேலை நடப்பது கட்டுரையில். ஆகவே தேடல் பெட்டிக்குக் 'கீ விண்டோ' என்றும் கட்டுரைக்கு 'மெயின் விண்டோ' என்றும் இரண்டு தகுதிகளை ஆப்பிள் வைத்திருக்கிறது.

அடுக்கும் ஃபோகஸும் வேறு வேறு என்பதற்குத் தெளிவான சாட்சி எக்ஸ் சாளர அமைப்பு. 1984-இல் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிவைத்த இந்த அமைப்பில், சாளரங்களை நிர்வகிப்பது 'விண்டோ மேனேஜர்' எனும் தனி நிரல். அதை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் பயனருக்கு உண்டு. யூனிக்ஸ் பயனர் பலர் மவுஸ் எங்கே நிற்கிறதோ அங்கேயே ஃபோகஸ் போகும்படி அமைத்துக்கொள்வார்கள். முன்னால் ஒரு கையேடு பெரிதாகத் திறந்திருக்கும். அதன் பின்னாலிருந்து விளிம்பு மட்டும் தெரியும் டெர்மினலின் மேல் மவுஸை நகர்த்தி, கையேட்டைப் படித்தபடியே கட்டளைகளைத் தட்டுவார்கள். சாளரம் கீழேதான் கிடக்கும், விசை அதற்குத்தான் போகும்.

இருநூறு நொடி

விண்டோஸ் 95 காலத்தில் எந்த நிரலும் எப்போது வேண்டுமானாலும் முன்னால் வந்து நிற்கலாம். நிரல்கள் வந்து நின்றன. பின்னணியில் மின்னஞ்சல் வந்தால் அதற்கொரு பெட்டி, அச்சுப்பொறியில் காகிதம் தீர்ந்தால் ஒரு பெட்டி, நிறுவல் முடிந்தால் இன்னொரு பெட்டி. ஒவ்வொன்றும் தான் சொல்ல வந்ததுதான் அந்த நேரத்தில் முக்கியம் என்று நம்பியது. தனித்தனியாகப் பார்த்தால் எந்த நிரலரும் தீய எண்ணத்தோடு அப்படி எழுதவில்லை. எல்லாம் சேர்ந்து பயனரை எழுதவிடாமல் செய்தன.

விண்டோஸ் 98-இலும் 2000-இலும் மைக்ரோசாஃப்ட் கதவை அடைத்தது. அதன் பிறகு முன்னால் வர விரும்பும் நிரலுக்குத் தகுதி வேண்டும். அது ஏற்கெனவே முன்னணியில் இருக்கும் நிரலாக இருக்க வேண்டும், அல்லது முன்னணி நிரலால் தொடங்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது பயனரின் கடைசி விசையையோ கிளிக்கையோ பெற்ற நிரலாக இருக்க வேண்டும். இப்படிச் சில வழிகள். ஒன்றும் பொருந்தாவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும், பணிப்பட்டையில் அந்த நிரலின் பொத்தான் மட்டும் மின்னும். பயனர் கடைசியாகத் தட்டிய நேரத்திலிருந்து இந்தக் காவல் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. விண்டோஸின் பதிவேட்டில் அதன் இயல்பான மதிப்பு 200000 மில்லிநொடி, அதாவது 200 நொடி. மூன்று நிமிடத்துக்கு மேல் யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை என்றால், ஆள் எழுந்து போயிருக்கலாம், முன்னால் வந்து நின்றால் யாருக்கும் தொல்லை இல்லை என்ற கணக்கு அது.

இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது பயனரின் கை. அவர் எதைத் தொட்டாரோ, அதிலிருந்து கிளைத்த செயலுக்கு முன்னால் வர உரிமை உண்டு. அவர் தொடாத ஒன்று காத்திருக்க வேண்டும். ஒரு நிரல் தன்னிடமுள்ள உரிமையை இன்னொன்றுக்குக் கொடுக்கவும் வழி இருக்கிறது. மின்னஞ்சலில் உள்ள சுட்டியைப் பயனர் கிளிக் செய்தார், ஏற்கெனவே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் உலாவி அதைத் திறக்க வேண்டும் என்றால், மின்னஞ்சல் நிரல் 'அலவ்செட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ' என்ற கட்டளையால் உலாவிக்கு வழிவிடலாம்.

கதவு அடைபட்டதும் சிலர் சுவரேறிக் குதிக்கத் தொடங்கினார்கள். ஆல்ட் விசையை யாரோ தட்டியதுபோலப் பொய்யாக ஒரு விசையை உண்டாக்கினால் காவல் தளரும் என்று ஒரு தந்திரம் பரவியது. விசைகளும் கிளிக்குகளும் வந்து சேரும், முன்னணி நிரலின் உள்ளீட்டு வரிசையோடு தன் வரிசையை 'அட்டாச்த்ரெட்இன்புட்' கொண்டு இணைத்துவிட்டு, நான் வேறு அவன் வேறல்ல என்று காட்டிக்கொண்டு முன்னால் வருவது இன்னொன்று. இரண்டாவது ஆபத்தானது. 16-பிட் விண்டோஸ் காலத்தில் எல்லா நிரல்களுக்கும் ஒரே உள்ளீட்டு வரிசை இருந்ததால், ஒரு நிரல் உறைந்தால் எல்லாமே உறைந்தன. அதைத் தீர்க்கத்தான் விண்டோஸ் என்.டி.யும் 95-உம் நிரலுக்குள் ஓடும் ஒவ்வொரு திரிக்கும் (த்ரெட்) தனி வரிசை கொடுத்தன. இரண்டு வரிசைகளை மறுபடி இணைப்பவர் அந்தப் பழைய நோயைத் தம் நிரலுக்குள் திரும்ப அழைத்துக்கொள்கிறார். யாருடைய சாளரத்தை முந்த நினைத்தாரோ அந்த நிரல் தொங்கினால், இவருடையதும் சேர்ந்து தொங்கும்.

எப்போதும் மேலே நிற்க வேண்டும் என்ற ஆசையும் இதே வகை. விண்டோஸில் 'டாப்மோஸ்ட்' என்ற தகுதி பெற்ற சாளரங்கள் சாதாரணச் சாளரங்கள் அனைத்துக்கும் மேலே தனி அடுக்காக நிற்கும். அந்த அடுக்குக்குள்ளும் வரிசை உண்டு. ஆகவே டாப்மோஸ்ட் சாளரம் ஒன்றை இன்னொரு டாப்மோஸ்ட் சாளரம் தாராளமாக மறைக்கலாம். அதற்கும் மேலே நிற்கும் அடுக்கு கேட்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் நெடுநாள் நிரலர் ரேமண்ட் சென் வைக்கும் எதிர்க்கேள்வி எளிமையானது. இதையே இரண்டு நிரல்கள் செய்தால் என்ன ஆகும்? கால் நொடிக்கு ஒருமுறை தன்னை மேலே தூக்கிக்கொள்ளும் நிரல்கள் இரண்டு ஒரே கணினியில் சேர்ந்தால் திரை துடிப்பதைத் தவிர வேறொன்றும் நடக்காது. நிரல் வடிவமைப்பில் கேட்கப்பட வேண்டிய கேள்விகளில் இதைவிட நல்லது அரிது. தன் நிரல் மட்டுமே உலகில் இருக்கிறது என்ற நினைப்பை அது ஒரே வரியில் உடைக்கிறது.

ஒரு பெட்டி மூடும் விதம்

கொஞ்சம் நெருங்கிப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. கணக்கு நிரல் ஒன்றில் 'சேமிக்கவா?' என்று கேட்கும் பெட்டி திறந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும்வரை பின்னாலுள்ள கணக்குச் சாளரத்தைத் தொட முடியாது. இப்படிப்பட்ட பெட்டியை மோடல் பெட்டி என்பார்கள். நிரல் செய்திருப்பது இதுதான்: கணக்குச் சாளரத்தைச் செயலிழக்க வைத்துவிட்டு, அதை உரிமையாளராகக் கொண்ட பெட்டியைத் திறந்திருக்கிறது. உரிமையாளருக்கு மேலேயே பெட்டி நிற்கும் என்பதை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும்.

பதில் சொன்ன பிறகு இரண்டு வேலைகள் பாக்கி. பெட்டியை அழிக்க வேண்டும், கணக்குச் சாளரத்தை மறுபடி செயல்பட வைக்க வேண்டும். எதை முதலில் செய்வது? பெரும்பாலோருக்கு இயல்பாகத் தோன்றுவது, பெட்டியை மூடிவிட்டுச் சாளரத்தைச் செயல்பட வைப்பது. அப்படிச் செய்தால் என்ன நடக்கிறது? முன்னணியில் இருந்த பெட்டி அழிந்ததும், அடுத்து யாருக்கு ஃபோகஸ் என்று இயங்குதளம் தேடுகிறது. உரிமையாளரான கணக்குச் சாளரம் அந்தக் கணத்தில் இன்னும் செயலிழந்து கிடக்கிறது. செயலிழந்த சாளரத்துக்கு ஃபோகஸ் கொடுக்க முடியாது. ஆகவே வேறு ஏதோ ஒரு நிரலின் சாளரம் முன்னால் வந்துவிடுகிறது. கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் முன்னால் திடீரென உலாவி நிற்கும். கணக்குச் சாளரம் அதன் பின்னால் போய்விடும்.

சாளரத்தை முதலில் செயல்பட வைத்துவிட்டு, அதன் பிறகு பெட்டியை அழித்தால் இந்தச் சிக்கலே இல்லை. இரண்டு வரிகளை இடம் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. விண்டோஸ் தானே தரும் உரையாடல் பெட்டிகள் இந்த ஒழுங்கைச் சரியாகவே பின்பற்றுகின்றன. சொந்தமாகப் பெட்டி கட்டுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது அவர்களில் பலர் செய்வது காரணத்தைத் தேடுவது அல்ல. 'சாளரம் பின்னால் போகிறது' என்று சொல்லி, அதை வலுக்கட்டாயமாக முன்னால் இழுக்கும் வரிகளைச் சேர்க்கிறார்கள். ஒரு பிழையை மூட இன்னொரு அத்துமீறல்.

வெட்டு, நகல், ஒட்டு என்ற செயல்களுக்கு உருக்கொடுத்தவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், பயனரைப் பூட்டிவைக்கும் எந்த நிலையும் வேண்டாம் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். தம் காரின் எண் பலகையிலேயே 'நோ மோட்ஸ்' என்று எழுதிக்கொண்டவர். மேக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் 2000-இல் வெளிவந்த 'தி ஹ்யூமேன் இன்டர்ஃபேஸ்' நூலில் அதே வாதத்தை மனிதக் கவனத்தின் பக்கமிருந்து வைத்தார். மனிதரின் கவனம் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்கும் என்பது அவருடைய அடித்தளம். மோடல் பெட்டிகளை ஒழித்துவிட முடியாது, ஆனால் குறைக்க முடியும். அழித்ததை மீட்டுக்கொள்ள வழி இருந்தால் 'அழிக்கவா?' என்று கேட்கும் பெட்டியே தேவைப்படாது.

தட்டும் வேகத்தில் ஒரு பொறி

ஃபோகஸ் பாதுகாப்புச் சிக்கலும்கூட என்பதை ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் பிழைகளைத் தேடிக் காட்டிவந்த ஜெஸி ருடர்மன் 2004-இல் எடுத்துக்காட்டினார். தீய எண்ணம் கொண்ட ஒரு பக்கம், நீங்கள் மனிதர்தானா என்று சோதிப்பதுபோல 'ஒன்லி' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டச் சொல்கிறது. தட்டிக்கொண்டிருக்கும்போதே நிரலை நிறுவ அனுமதி கேட்கும் பெட்டி முளைக்கிறது. அந்தச் சொல்லின் கடைசி எழுத்து 'ஒய்'. பெட்டியில் 'யெஸ்' என்ற பொத்தானுக்குக் குறுக்கு விசையும் அதே 'ஒய்'. பயனர் பெட்டியைக் கண்ணால் பார்ப்பதற்குள் சம்மதம் சொல்லி முடித்துவிடுகிறார். இதனால்தான் ஃபயர்ஃபாக்ஸின் அனுமதிப் பெட்டிகளில் பொத்தான் சிறிது நேரம் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கிறது. பெட்டி மெதுவாக வேலை செய்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் அறிய வேண்டியது, அந்தத் தாமதம் அவர்களுக்காகவே வைக்கப்பட்டது என்பதை. விண்டோஸ் விஸ்டா முதல் வரும் நிர்வாகி அனுமதிப் பெட்டியும் இந்த ஒழுங்குக்கு உட்பட்டது. பின்னணி நிரல் அனுமதி கேட்டால் பெட்டி நேராக முன்னால் குதிக்காமல் பணிப்பட்டையில் மின்னிக் காத்திருக்கும்.

லினக்ஸ் உலகில் நேரத்தைச் சாட்சியாக வைத்தார்கள். எக்ஸ் அமைப்பில் ஃபோகஸ் கேட்கும் கோரிக்கையோடு ஒரு நேரக்குறி போகும். கடைசியாக ஃபோகஸ் மாறிய நேரத்தைவிட அது பழையதாக இருந்தால் கோரிக்கை கண்டுகொள்ளப்படாது. பின்னாளில் ஒவ்வொரு சாளரமும் பயனர் தன்னைக் கடைசியாகத் தொட்ட நேரத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் வந்தது. ஒரு பெரிய நிரலைத் திறக்கச் சொல்லிவிட்டு, அது எழுந்து வருவதற்குள் வேறு சாளரத்தில் எழுதத் தொடங்கிவிட்டால், புதுச் சாளரம் எழுத்தைக் குறுக்கிடாமல் பின்னாலேயே திறந்து, கவனம் வேண்டும் என்று மட்டும் தெரிவிக்கும். கே.டி.இ. மேசைத்தளத்தில் இந்தக் காவல் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதைப் பயனரே தேர்ந்துகொள்ளலாம்.

எக்ஸுக்கு மாற்றாகக் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய வேலண்ட் இன்னும் கடுமையானது. தன்னை மேலே தூக்கிக்கொள்ளும் கட்டளையே அங்கே நிரலுக்குக் கிடையாது. பயனரின் உண்மையான கிளிக்கையோ விசையையோ ஆதாரமாகக் காட்டி ஒரு டோக்கன் பெற்று, அதை அடுத்த நிரலிடம் கொடுக்கலாம். அதைப் பார்த்து முடிவெடுப்பது மேசைத்தளம். 2023-இல் வந்த மேக் ஓ.எஸ். 14-இல் ஆப்பிளும் இதே பக்கம் சாய்ந்தது. மற்ற நிரல்களைப் பொருட்படுத்தாமல் முன்னால் வா என்ற பழைய கட்டளை கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்தது. முன்னால் இருக்கும் நிரல் மற்றதற்கு விட்டுக்கொடுக்கும் முறை அதன் இடத்துக்கு வந்தது.

தமிழ் தட்டுபவரும் திரையைக் கேட்பவரும்

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஃபோகஸ் இன்னும் நெருக்கமான விஷயம். திரையில் தெரியும் தமிழ் விசைப்பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயனர் கடிதத்தில் இடங்காட்டி நிற்கும் இடத்தில் 'ழ' வேண்டும் என்று திரை விசையை மவுஸால் தொடுகிறார். சாதாரணச் சாளரமாக எழுதப்பட்டிருந்தால், தொட்ட கணமே திரை விசைப்பலகை முன்னணிக்கு வந்து ஃபோகஸை வாங்கிக்கொள்ளும். 'ழ' போய்ச் சேர வேண்டிய கடிதம் ஃபோகஸை இழந்து நிற்கும். ஆகவே இந்தச் சாளரம் மேலே தெரிய வேண்டும், கிளிக்கை வாங்க வேண்டும், ஆனால் ஃபோகஸை மட்டும் தொடக் கூடாது. விண்டோஸ் 2000 முதல் இதற்கென்றே 'நோஆக்டிவேட்' என்ற சாளரப் பண்பு இருக்கிறது. மேக்கில் நிரலை முன்னணிக்குக் கொண்டுவராத பேனல் வகை இருக்கிறது. எக்ஸில் 'எனக்கு விசை வேண்டாம்' என்று சாளரமே அறிவித்துவிடலாம். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டும்போது எழுத்தின் கீழே தோன்றும் சொற்பட்டியலுக்கும் இதே விதி.

தமிழ் தட்டுபவர்களைத் தவிக்கவிட்ட இன்னொரு பழக்கமும் உண்டு. விண்டோஸ் 7 வரை உள்ளீட்டு மொழியை இயங்குதளம் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக நினைவில் வைத்தது. ஆவணத்தில் தமிழ் 99 விசைமுறை, உலாவியில் ஆங்கிலம் என்று இருக்கும்போது, அழைக்காத சாளரம் ஒன்று முன்னால் வந்தால் மொழியும் சேர்ந்து மாறியது. திரையைப் பார்க்காமல் தட்டுபவருக்குப் பாதி வாக்கியம் ஆங்கில எழுத்துகளாக விழும். விண்டோஸ் 8 முதல் எல்லாச் சாளரங்களுக்கும் ஒரே மொழி என்பது இயல்பு நிலையானது. பழைய முறை வேண்டுவோர் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

பார்வையற்றவர்களுக்கு ஃபோகஸ்தான் திரை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமும் பார்வையற்றவர்களான மைக்கேல் கரனும் ஜேம்ஸ் தேவும் வளர்த்த என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைபடிப்பான் 2006 முதல் இருக்கிறது. தமிழிலும் படிக்கும். ஃபோகஸ் எங்கே போகிறதோ அதைத்தான் அது முதலில் உரக்கச் சொல்லும். 'அனுப்பு' பொத்தானை அழுத்தியதும் அந்தப் பொத்தானையே செயலிழக்க வைக்கும் நிரல்கள் ஏராளம். இரண்டு முறை அழுத்தாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. ஆனால் ஃபோகஸ் அந்தப் பொத்தானில்தான் இருந்தது. அது செயலிழந்ததும் ஃபோகஸுக்குப் போக்கிடம் இல்லை. பார்ப்பவருக்குத் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று தெரியும். கேட்பவருக்கு மௌனம். பொத்தானைச் செயலிழக்க வைப்பதற்கு முன் ஃபோகஸை அந்தச் செய்திக்கு நகர்த்தினால் போதும், ஒரு வரி வேலை. இணைய அணுகல் நெறிகளின் 2.2 பதிப்பு, 2023 அக்டோபரில், ஃபோகஸ் பெற்ற கூறு வேறொன்றால் முழுதாக மறைக்கப்படக் கூடாது என்பதையும் விதியாகச் சேர்த்தது. அந்த நெறிகள் வலைக்காக எழுதப்பட்டவை என்றாலும் மேசைக்கணினி நிரலுக்கும் அப்படியே பொருந்தும்.

இந்த அவையில் பைத்தானிலும் ஜாவாவிலும் முதல் நிரலை எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். டிகே என்ற சாளரக் கருவித்தொகுப்பில் 'டாப்மோஸ்ட்' பண்பை உண்மை என்று வைத்தால் சாளரம் மேலே வந்து நிற்கும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிரலை யாரிடமும் கொடுப்பதற்கு முன் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் கொண்டு முதல் சாளரத்திலிருந்து கடைசிப் பெட்டி வரை போய்த் திரும்புங்கள். வேறொரு நிரலில் வேகமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் நிரல் பின்னணியில் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதன் பிறகு என்.வி.டி.ஏ.வை நிறுவி, திரையை அணைத்துவிட்டு அதே வேலையை மறுபடி செய்யுங்கள். எந்த இடத்தில் நீங்களே வழி தவறுகிறீர்களோ, அந்த இடத்தைத் திருத்திய பிறகு நிரலை வெளியிடுங்கள்.